பள்ளிப் பேருந்து ஒப்பந்தம் கொடுப்பது எப்படி: பாதுகாப்பை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிப் பேருந்து ஒப்பந்தம் கொடுக்கும் குழுவில் புதிதாக உட்காருபவர்கள் முதலில் கேட்பது, "ஒரு வண்டிக்கு மாதம் எவ்வளவு?" என்பதைத்தான். அங்கேயே வரிசை தவறிவிடுகிறது. விலையைப் பார்த்த பிறகு பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஒவ்வொரு நிபந்தனையும் பேரத்துக்கு வந்துவிடும். "இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தால் இவ்வளவு மிச்சம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி பெரும்பாலும் வரிசையைப் பற்றியது: எதை எப்போது முடிவு செய்வது, எந்தச் சான்றை யாரிடமிருந்து வாங்குவது, எந்த இடத்தில் விட்டுக்கொடுக்காமல் நிற்பது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் பகுதிப் போக்குவரத்துத் துறையின் விதிகளை அடித்தளமாக வைத்துக்கொண்டு மற்றதை அதன்மேல் கட்டுங்கள்.

1. நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், டெண்டர் அறிவிப்பு குறைந்தது ஆறு மாதம் முன்பே வெளியாக வேண்டும். புதுப் பேருந்துக்கு ஆர்டர் கொடுத்துக் கையில் வாங்க மாதங்கள் ஆகும். ஓட்டுநர்களைத் தேடி எடுத்து, பின்னணி சரிபார்த்து, பயிற்சி கொடுக்கவும் காலம் வேண்டும்.

மூன்று வாரம் மட்டும் அவகாசம் கொடுத்தால் யார் போட்டியிடுவார்கள்? ஏற்கெனவே பழைய வண்டிகளைச் சும்மா நிறுத்தி வைத்திருப்பவர்கள்தான். "நல்ல நிறுவனம் ஒன்றுகூட வரவில்லையே" என்ற புலம்பலில் பாதி இந்த அவசரத்தால் வருவது.

ஒப்பந்தக் காலமும் இதே கணக்குதான். ஓராண்டு ஒப்பந்தத்தை நம்பி யாரும் புது வண்டி வாங்க மாட்டார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை கொடுத்து, ஆண்டுதோறும் பாதுகாப்புச் செயல்பாட்டைப் பார்த்த பிறகே தொடரும் என்று எழுதினால் இரு தரப்புக்கும் சரியாக இருக்கும்.

எழுதத் தொடங்குமுன் இவை உங்கள் மேசையில் இருக்கட்டும்: நிறுத்தம் வாரியாக மாணவர் எண்ணிக்கையும் வயதும், சக்கர நாற்காலி அல்லது தனிக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளின் விவரம், பழைய ஒப்பந்தக் காலத்துப் புகார்களும் விபத்துகளும், நடப்பு விதிகளின் முழு வாசகம். ஒப்பந்ததாரர் யாரோடும் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரையும், காப்பீட்டுத் தாளைப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் தேடினால் ஒப்பந்ததாரரே ஓர் ஆளைக் காட்டுவார்.

2. வழித்தடத்தையும் நிறுத்தங்களையும் நீங்களே வரையுங்கள்

பலர் மாணவர் பட்டியலைக் கொடுத்துவிட்டு, "ரூட்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒப்பந்ததாரரிடம் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு எரிபொருளும் நேரமும் மிச்சமாகும் வழிதான் நல்ல வழி. குழந்தை எந்தப் பக்கம் இறங்கிச் சாலையைக் கடக்கிறது என்பது அவருடைய கணக்கில் வராது.

2018 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோச்செஸ்டர் அருகே நடந்ததைப் பாருங்கள். இன்னும் விடியாத நேரம். பேருந்து விளக்குகளை மின்னவிட்டு, மற்ற வண்டிகளை நிற்கச் சொல்லும் பலகையைப் பக்கவாட்டில் நீட்டி நின்றிருந்தது. அதில் ஏறச் சாலையைக் கடந்த குழந்தைகள் மீது எதிர்த்திசையில் வந்த பிக்கப் வாகனம் மோதியதில் உடன்பிறந்த மூவர் இறந்தார்கள். மணிக்கு சுமார் 88 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலை அது. விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அந்த வழித்தடத்தின் பாதுகாப்பு சரியாக மதிப்பிடப்படாததையும் ஒரு காரணமாகச் சொன்னது. வண்டியில் கோளாறு இல்லை. நிறுத்தம் வைத்த இடமும் தவறு.

ஆகவே ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரில் போங்கள், அதுவும் பேருந்து வரும் அதே நேரத்தில். பகல் பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லா நிறுத்தமும் நன்றாகத்தான் தெரியும். வேகச் சாலையில் குழந்தை தன் வீட்டுப் பக்கத்திலேயே ஏறி இறங்கும்படி திசையை அமையுங்கள். வளைவுக்குப் பின்னாலோ மேட்டின் மறுபுறமோ நிறுத்தம் வேண்டாம். காத்திருக்கும் குழந்தைகள் சாலையை விட்டுத் தள்ளி நிற்க இடம் இருக்க வேண்டும். பேருந்து பின்னோக்கி வந்து திரும்ப வேண்டிய நிறுத்தம் இருந்தால் வழியையே மாற்றுங்கள்.

அப்புறம் நேரம். காலை நெரிசலில் ஓட்டிப் பார்த்து எடுத்த பயண நேரத்தையே டெண்டரில் எழுதுங்கள். காகிதத்தில் 40 நிமிடம், சாலையில் 55 நிமிடம் என்றால் அந்த 15 நிமிடத்தை ஓட்டுநர் வேகத்தில்தான் ஈடுகட்டுவார்.

3. எது கட்டாயம், எது மதிப்பெண் என்று பிரியுங்கள்

இரண்டையும் கலப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஓட்டுநரின் பின்னணிச் சரிபார்ப்புக்கு 10 மதிப்பெண், விலைக்கு 60 மதிப்பெண் என்று போட்டால், சரிபார்ப்பே செய்யாத நிறுவனம்கூட விலையைக் குறைத்து வென்றுவிடும்.

கட்டாய நிபந்தனைகளுக்கு மதிப்பெண்ணே கூடாது. இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. வாகனத் தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் தகுதி, பின்னணிச் சரிபார்ப்பு, உதவியாளர், அவசர வழிகள் எல்லாம் இந்த வகை. பராமரிப்பு முறை, பயிற்சியின் தரம், ஓட்டுநர்கள் எத்தனை காலம் அங்கேயே நிலைத்திருக்கிறார்கள் என்பது போன்றவற்றுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். அதிலும் ஒரு குறைந்தபட்ச அளவு வையுங்கள். அதைத் தொடாதவர் விலையைத் தனியாக எழுதிக் கொடுத்த உறை திறக்கப்படாமலே திரும்ப வேண்டும்.

"அனுபவமுள்ள ஓட்டுநர்", "நல்ல நிலையில் உள்ள வாகனம்" போன்ற வாசகங்களை எங்கே கண்டாலும் அடித்துவிடுங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1997-ல் பள்ளிப் பேருந்துகள் தொடர்பாகக் கொடுத்த உத்தரவு அளந்து பார்க்கக்கூடிய மொழியில் இருக்கிறது: கனரக வாகனம் ஓட்டுவதில் குறைந்தது 5 ஆண்டு அனுபவம், சிக்னல் மீறல் போன்ற குற்றங்களுக்காக ஓராண்டில் இரண்டு தடவைக்கு மேல் தண்டம் பெற்றவர் கூடாது, அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டியது போன்றவற்றில் ஒருமுறை சிக்கியிருந்தாலும் கூடாது. வாசகம் இப்படி இருந்தால் அது மீறப்பட்டதா இல்லையா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: சான்று என்ன, யார் சரிபார்ப்பார், எப்போது, இல்லாவிட்டால் என்ன ஆகும். எந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லையோ அந்த நிபந்தனை இன்னும் முழுமையாகவில்லை.

4. வாகனம்: பெயின்ட்டைத் தாண்டிப் பாருங்கள்

முதலில் வயது வரம்பு. அதைப் பதிவு செய்த தேதியிலிருந்து எண்ணாமல் தயாரித்த தேதியிலிருந்து எண்ணுங்கள். எந்தப் பாதுகாப்புத் தரத்தின்கீழ் கட்டப்பட்ட வண்டி என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

காரணம் இது. 1988 மே 14 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் கேரல்டனில், ஒரு தேவாலயம் பயன்படுத்திவந்த பழைய பள்ளிப் பேருந்து மீது, குடித்துவிட்டுத் தவறான திசையில் வந்தவரின் பிக்கப் மோதியது. எரிபொருள் டேங்க் கிழிந்து தீப்பிடித்தது. 27 பேர் இறந்தார்கள். அமெரிக்காவில் பள்ளிப் பேருந்துகளுக்கான புதிய பாதுகாப்புத் தரங்கள் 1977 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தன. இந்த வண்டி அதற்குச் சில நாட்களுக்கு முன் கட்டப்பட்டது. எரிபொருள் டேங்கைச் சுற்றி, புதிய தரம் கேட்ட பாதுகாப்பு இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது.

அந்த விபத்து சொல்லும் இன்னொன்று, வெளியேறும் வழி. முன்கதவு அடைபட்டால் எல்லோரும் பின்கதவுக்கு ஓடுவார்கள். எத்தனை அவசர வழிகள் வேண்டும், அவை எங்கே அமைய வேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். கூடுதல் இருக்கை போட்டு அவசரக் கதவை மறைத்த வண்டிகளும், பூட்டுப் போட்ட கதவுகளும் இன்றும் ஓடுகின்றன. ஆய்வுக்குப் போகும்போது ஒவ்வொரு அவசர வழியையும் கையால் திறந்து பாருங்கள். "திறக்கும் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இருக்கை எண்ணிக்கையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பெஞ்சுக்கு மூவர் என்ற கணக்கு பெரும்பாலும் சிறு குழந்தைகளை மனதில் வைத்துப் போட்டது. பெரிய வகுப்பு மாணவர்கள் இருவர்தான் முழுதாக உட்கார முடியும். மூன்றாமவர் பாதி உடம்பு நடைபாதையில் இருக்க, தொங்கிக்கொண்டு வருவார். உங்கள் மாணவர் வயதை வைத்துக் கணக்கிட்டு, நின்றுகொண்டு பயணிக்கக் கூடாது என்பதையும் சேருங்கள்.

இருக்கைப் பட்டை (சீட் பெல்ட்) வேண்டுமா என்ற விவாதம் கட்டாயம் வரும். பெரிய பள்ளிப் பேருந்துகளில் உயரமான, மெத்தை வைத்த இருக்கை முதுகுகள் நெருக்கமாக இருக்கும். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ மோதினால் இவை குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும். வண்டி உருண்டாலும் பக்கவாட்டில் அடி விழுந்தாலும் இந்த ஏற்பாடு போதாது. அதனால்தான் அதே அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2018-ல், புதிய பெரிய பேருந்துகளில் இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை வேண்டும் என்று மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. பட்டை கேட்கிறீர்கள் என்றால், அதைப் போட வைப்பது யார் வேலை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

டயரில் பக்கச் சுவரைப் பாருங்கள். அங்குள்ள குறியீட்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். முன் சக்கரத்தில் ரீட்ரெட் டயர் (தேய்ந்த டயர்மேல் புது ரப்பர் ஒட்டியது) கூடாது என்றும் எழுதுங்கள். அமெரிக்காவில் பேருந்துகளுக்கு இது சட்டமாகவே இருக்கிறது. முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது என்பதே காரணம்.

மாற்று வண்டி விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒப்பந்த வண்டிகள் எல்லாம் சரியாக இருக்கும். ஒன்று பழுதானால் எங்கிருந்தோ ஒரு சுற்றுலா வேன் வந்து நிற்கும். மாற்று வண்டிகளுக்கும் அதே தரம், அதே ஆய்வு, முன்கூட்டியே கொடுத்த பதிவு எண். பட்டியலில் இல்லாத வண்டி வந்தால் குழந்தைகளை ஏற்றக் கூடாது.

5. ஓட்டுநர்: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

வாகனத்துக்கு ஒதுக்கும் நேரத்தைப் போல இரு மடங்கை இதற்கு ஒதுக்குங்கள். வண்டியின் கோளாறை மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார். ஓட்டுநரைப் பற்றிய தகவல் பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும். யாராவது ஒருவர் அதைத் திரட்ட வேண்டும்.

2016 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில், ஒப்பந்த நிறுவனத்தின் பள்ளிப் பேருந்து ஒன்று எதிரே வந்த மாநகரப் பேருந்தில் மோதி ஆறு பேர் இறந்தார்கள். பள்ளிப் பேருந்தில் அப்போது மாணவர்கள் இல்லை. ஓட்டுநருக்கு வலிப்பு நோய் இருந்தது. அதை மறைத்தே மருத்துவச் சான்று வாங்கியிருந்தார். ஓட்டும்போது வலிப்பில் நினைவிழந்ததே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. ஓட்டுநர்களைப் பள்ளி நிர்வாகம் போதுமான அளவு கண்காணிக்காததையும் அது சுட்டிக்காட்டியது.

இதிலிருந்து எடுக்க வேண்டிய விதி எளிது: ஒப்பந்ததாரர் கொடுக்கும் ஜெராக்ஸ் எதையும் சான்றாக ஏற்காதீர்கள். உரிமமும் தண்டனைப் பதிவும் உரிமம் வழங்கிய அலுவலகத்திலிருந்து, குற்றப் பின்னணி காவல் துறையிலிருந்து, உடல்தகுதி நீங்கள் குறிப்பிடும் மருத்துவரிடமிருந்து வரட்டும். இவற்றை வாங்க ஓட்டுநரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவைப்படும். ஒப்புதல் படிவத்தை டெண்டரோடு இணைத்துவிடுங்கள். வேலை தருமுன் ஒருமுறை பார்த்ததோடு நிற்காமல், ஆண்டுதோறும் திரும்பப் பார்க்கும் உரிமையும் வேண்டும்.

ஓட்டத் தெரிவது மட்டும் போதாது, நெருக்கடியில் உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். 2017 டிசம்பரில் அயோவா மாநிலம் ஓக்லாண்டில் பள்ளிப் பேருந்து ஒன்று பள்ளத்தில் சிக்கித் தீப்பிடித்தபோது ஓட்டுநரும் 16 வயது மாணவி ஒருவரும் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். ஓட்டுநருக்கு நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் முதுகுப் பிரச்சினை இருந்தது. எனவே உடல்தகுதிச் சோதனையில் செயல்முறைப் பகுதி ஒன்றும் சேருங்கள்: இருக்கையிலிருந்து எழுந்து, நடைபாதை வழியாகப் போய், பின் அவசரக் கதவைத் திறந்து இறங்குவது. இரண்டு நிமிட வேலை. இதற்கு மறுக்கும் ஒப்பந்ததாரரிடம் காரணம் கேளுங்கள்.

வேலை நேரத்தைக் கேட்கப் பலருக்குத் தோன்றுவதில்லை. இரவெல்லாம் லாரியோ தொலைதூரப் பேருந்தோ ஓட்டிவிட்டு, விடிந்ததும் பள்ளி வண்டியில் ஏறும் ஓட்டுநர்கள் உண்டு. பள்ளி வேலை காலையும் மாலையும் சில மணி நேரம்தான் என்பதால் வேறு வருமானம் தேடுவது இயல்பு. அதனால் வேறு வேலையையும் சேர்த்து மொத்த ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வையுங்கள். முந்தைய இரவு தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பதையும் எண்ணில் எழுதுங்கள். மது, போதைச் சோதனை வேலைக்கு எடுக்குமுன் ஒருமுறை, அதன்பின் முன்னறிவிப்பில்லாமல்.

மாற்று ஓட்டுநருக்கும் மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். அவசரத்துக்கு வரும் மாற்று ஆள்தான் வழித்தடமும் தெரியாதவர், குழந்தைகளையும் தெரியாதவர். அங்கே சோதனை கூடுதலாக வேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

6. உதவியாளர், ஏறி இறங்கும் இடம், தூங்கிப்போன குழந்தை

பேருந்தின் உள்ளே இருக்கும்போதைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் குழந்தைக்கு ஆபத்து அதிகம். வண்டியைச் சுற்றிச் சுமார் மூன்று மீட்டர் தூரத்தை ஆபத்து வளையமாகக் கருதுவது வழக்கம். அதிலும் வண்டியின் முன்பக்கம் மோசம்: குனிந்து எதையோ எடுக்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

உதவியாளர் வேண்டும் என்று மட்டும் எழுதினால் யாரோ ஒருவர் முன் இருக்கையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டு வருவார். வேலையை எழுதுங்கள்: ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் இறங்குவார், குழந்தைகளை எண்ணுவார், சாலை கடப்பதைப் பார்ப்பார், வளையத்துக்குள் யாருமில்லை என்று கை காட்டிய பிறகே வண்டி நகரும். இந்த வரிசை ஓட்டுநருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

வண்டிக்குள் மறந்து விடப்படும் குழந்தை, எல்லா நாட்டிலும் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து. 2022 செப்டம்பரில் ஜப்பானின் ஷிஸுவோகா மாகாணத்தில் மூன்று வயதுக் குழந்தை மழலையர் பள்ளிப் பேருந்தில் விடப்பட்டு வெப்பத்தில் இறந்தது. அதன்பின் 2023 ஏப்ரல் முதல் அங்கே அத்தகைய பேருந்துகளில் நினைவூட்டும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அதில் ஒரு வகை, இன்ஜினை அணைத்ததும் ஒலி எழுப்பும். வண்டியின் பின்கோடி வரை நடந்துபோய்ப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். ஓட்டுநரை ஒவ்வொரு இருக்கையையும் தாண்டி நடக்க வைப்பதுதான் இதன் வேலை.

கருவி இல்லாத இடத்தில், ஏறியவர் இறங்கியவர் கணக்கும் ஒவ்வொரு பயண முடிவிலும் நடந்து பார்த்ததற்கான கையெழுத்தும் வேண்டும். பள்ளிப் பக்கமும் ஒரு வேலை உண்டு. வகுப்புக்கு வராத குழந்தையின் வீட்டுக்கு முதல் மணிக்குள்ளேயே போன் போக வேண்டும்.

7. கட்டண விதிகளை வேகத்தோடு கோக்காதீர்கள்

பாதுகாப்புப் பகுதியைப் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு, கட்டணப் பகுதியை எடுத்த எடுப்பில் முடித்துவிடுவார்கள். கட்டணப் பகுதிதான் ஓட்டுநரின் காலை ஆக்ஸிலரேட்டரில் வைக்கிறது.

பத்து நிமிடத் தாமதத்துக்கு அபராதம் என்று போட்டால் அந்த அபராதம் ஓட்டுநரின் சம்பளத்தில்தான் பிடிக்கப்படும். மழையிலும் நெரிசலிலும் அவர் என்ன செய்வார்? தாமதத்துக்குப் பதிலாக, தகவல் சொல்லாத தாமதத்துக்கு அபராதம் வையுங்கள். புறப்படாமல் போன பயணம், பட்டியலில் இல்லாத ஓட்டுநர், வேக வரம்பு மீறல், கையெழுத்தில்லாத சோதனைத் தாள் இவற்றுக்கும் வையுங்கள்.

ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் ஒரே வண்டியை அவசர அவசரமாக இரண்டு, மூன்று நடை அடிக்கத் தூண்டும். வண்டிக்கு நாள் வாடகை என்று நிலையான பகுதியும், எரிபொருள் விலைக்கேற்ப மாறும் பகுதியும் இருந்தால் பராமரிப்பில் மிச்சம் பிடிக்கும் ஆசை குறையும். எரிபொருள் ஏறும்போது கட்டணம் ஏறாவிட்டால் அந்த நஷ்டம் பிரேக் லைனிங்கிலும் டயரிலும்தான் போய் விழும்.

8. உறைகளை இந்த வரிசையில் திறங்கள்

இரு உறை முறை: ஒன்றில் தொழில்நுட்ப விவரங்கள், இன்னொன்றில் விலை. விலை உறைகளை எல்லோர் முன்னிலையிலும் முத்திரையிட்டுப் பூட்டி வையுங்கள்.

முதலில் ஆவணச் சரிபார்ப்பு. காப்பீட்டு நிறுவனத்துக்கே கேட்டு எழுதி, பாலிசி நடப்பில் இருக்கிறதா, மாணவர்களைக் கட்டணத்துக்கு ஏற்றிச் செல்வதற்குப் பொருந்துமா என்று உறுதி செய்யுங்கள். தனியார் உபயோகப் பாலிசியை வைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓட்டும் வண்டிகள் விபத்து நாளில்தான் வெளிப்படும்.

அடுத்தது நேரடி ஆய்வு. பணிமனைக்குச் சொல்லாமல் போங்கள். ஏதாவது மூன்று வண்டிகளின் எண்ணை நீங்களே சொல்லி, அவற்றின் பராமரிப்புப் பதிவேட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரு பழுதுகூட இல்லாமல் இருந்தால் அது நேற்று எழுதியது. எண்ணெய்க் கறையும் அடித்தல் திருத்தலும் உள்ள பதிவேட்டை நான் அதிகம் நம்புவேன்.

மூன்றாவது, பழைய வாடிக்கையாளர்கள். நிறுவனம் கொடுத்த பெயர்களை மட்டும் அழைத்தால் புகழ்தான் கேட்கும். ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்துக்கொண்ட பள்ளிகளையும் தேடிப் பேசுங்கள். "திருப்தியா?" என்று கேட்காமல், "ஓட்டுநரைப் பற்றிப் புகார் கொடுத்தபோது எத்தனை நாளில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

இத்தனையும் முடிந்து, முடிவுகளைக் குழு கையெழுத்திட்ட பிறகு விலை. மிகக் குறைந்த விலை வந்தால் மகிழ்வதற்குமுன் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்: ஓட்டுநர் சம்பளம், உதவியாளர் சம்பளம், எரிபொருள், டயர், காப்பீடு, மாற்று வண்டி. கூட்டிப் பார்த்தால் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கும். பெரும்பாலும் உதவியாளர், இல்லாவிட்டால் மாற்று வண்டி. விளக்க முடியாத விலையை நிராகரிக்கும் உரிமையை டெண்டரிலேயே எழுதியிருந்தால்தான் அப்போது பயன்படும்.

9. ஒப்பந்தப் பத்திரத்தில் விடுபடக் கூடாதவை

டெண்டரும் அதற்கு வந்த பதிலும் ஒப்பந்தத்தின் பகுதி என்று ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் டெண்டரில் கொடுத்த வாக்குறுதிகள் அங்கேயே நின்றுவிடும்.

குறிப்பிட்ட ஓட்டுநரை உடனே மாற்றச் சொல்லும் உரிமை பள்ளிக்கு வேண்டும். விசாரணை முடியும் வரை அவர் எந்த வழித்தடத்திலும் ஓட்டக் கூடாது; இங்கிருந்து எடுத்து அடுத்த ரூட்டில் போடுவது மாற்றம் ஆகாது.

எழுத்து அனுமதியின்றி உள் ஒப்பந்தம் கூடாது. நீங்கள் ஆய்வு செய்தது ஒருவரின் பணிமனையை. காலையில் வந்து நிற்பது வேறு யாருடைய வண்டியோ என்ற நிலை இதனால்தான் வருகிறது.

காப்பீடு ரத்தானாலோ காலாவதியானாலோ காப்பீட்டு நிறுவனம் உங்களுக்கே நேரடியாகத் தெரிவிக்க வேண்டும். விபத்து எவ்வளவு சிறியதானாலும் உடனே வாய்மொழியாகவும் 24 மணி நேரத்துக்குள் எழுத்திலும் தகவல் வர வேண்டும். ஜிபிஎஸ், கேமரா பதிவுகளை ஒப்பந்ததாரரைக் கேட்காமலே நீங்கள் பார்க்க வழி வேண்டும்; கேமரா பதிவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். குழந்தைகள் ஒரு விஷயத்தை வீட்டில் சொல்லவே வாரங்கள் ஆகும். மூன்று நாளில் அழிந்துவிடும் பதிவால் என்ன பயன்?

ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் பிரிவோடு, அடுத்த நாள் குழந்தைகள் எப்படி வருவார்கள் என்ற ஏற்பாட்டையும் இணையுங்கள். மாற்று வழி கையில் இல்லாத நிர்வாகம் எந்த மீறலையும் பொறுத்துக்கொள்ளும். இது ஒப்பந்ததாரருக்கும் நன்றாகத் தெரியும்.

10. கையெழுத்துக்கும் முதல் நாளுக்கும் இடையில்

ஒவ்வொரு வண்டியையும் உங்கள் மெக்கானிக் பார்க்கட்டும். மாதிரிக்கு இரண்டு பார்த்தால் நல்ல இரண்டைத்தான் காட்டுவார்கள். பார்த்த வண்டிக்கு எண்ணிட்ட ஒட்டுத்தாள் ஒட்டுங்கள்.

பிறகு குழந்தைகள் இல்லாத ஒத்திகை ஓட்டம், பள்ளி நேரத்திலேயே, வேலைக்கு வரப்போகும் அதே ஓட்டுநரோடும் உதவியாளரோடும். காகிதத்தில் தெரியாத தொங்கும் மின்கம்பியும், திரும்ப முடியாத தெருமுனையும் அன்று தெரிந்துவிடும்.

முதல் வாரத்திலேயே வெளியேறும் பயிற்சி நடத்துங்கள். பெரிய மாணவர்களுக்கு அவசரக் கதவைத் திறக்கக் கற்றுக்கொடுங்கள். ஓட்டுநரே மயங்கிவிட்டால் அந்தக் கதவைத் திறக்கப் போவது அவர்கள்தான்.

11. ஓடத் தொடங்கிய பிறகு

2016 நவம்பர் 21. அமெரிக்காவின் டென்னசி மாநிலம் சட்டனூகாவில் 37 மாணவர்களோடு சென்ற ஒப்பந்தப் பேருந்து ஒன்று கவிழ்ந்து ஆறு குழந்தைகள் இறந்தார்கள். மணிக்கு 48 கிலோமீட்டர் வரம்புள்ள சாலையில் 80-க்கு மேல் வேகம், ஓட்டுநர் போனில் பேசிக்கொண்டிருந்தார், வண்டி தன் வழித்தடத்திலும் இல்லை. அவர் ஓட்டும் விதம் பற்றி அதற்கு முன்பே புகார்கள் வந்திருந்தன. விசாரணை அறிக்கை ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வைக் குறையைச் சொன்னதோடு நிற்கவில்லை. தெரிந்த பிரச்சினையை நிறுவனம் சரிசெய்ததா என்று கல்வித் துறை பின்தொடர்ந்து பார்க்காததையும் காரணங்களில் ஒன்றாக எழுதியது.

புகாரை ஒப்பந்ததாரருக்கு அனுப்பிவைத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே வழக்கமான சறுக்கல். புகார் ஏட்டில் தேதி, வண்டி எண், ஓட்டுநர், என்ன நடந்தது என்பதோடு, நிறுவனம் என்ன செய்தது, அதை நீங்கள் எப்படி உறுதி செய்தீர்கள் என்ற இரண்டு பத்திகளும் இருக்கட்டும். அவை நிரம்பும் வரை புகார் திறந்தே இருக்கும். ஏட்டை மாதம் ஒருமுறை ஓட்டுநர் வாரியாக அடுக்கிப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் சில்லறையாகத் தெரியும் மூன்று புகார்கள் ஒரே பெயரில் வந்து நிற்கும்.

இதற்கென்று ஒரு பொறுப்பாளர் வேண்டும். "குழு பார்த்துக்கொள்ளும்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். வாரம் ஒருமுறை வேகப் பதிவு, மாதம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாத ஆய்வு, ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டுநர் ஆவணங்கள் முழுவதும். ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியது, பட்டியலில் உள்ள அதே ஓட்டுநர் அதே வண்டியில் இருக்கிறாரா என்பது.

புகார் ஏடு மாதக்கணக்கில் காலியாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பெற்றோருக்கு எங்கே சொல்வதென்று தெரியாமல் இருக்கலாம், அல்லது சொன்னது ஓட்டுநரின் காதுக்கே போய்விடும் என்று பயப்படலாம். வண்டியில் எழுதியிருக்கும் எண்ணுக்கு ஒருநாள் மாலை நீங்களே அழைத்துப் பாருங்கள். எடுப்பது பள்ளியா ஒப்பந்ததாரரா என்று தெரிந்துவிடும். ஒப்பந்ததாரர் என்றால் அந்த எண்ணை அந்த வாரமே மாற்றுங்கள்.